ஆடி மழையில் ஓர் உப்பு அறை

விமானம், இமிகிரேஷன், இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஹட்டன் வரை வேன், எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. நுவரெலியாவில் ஈர உப்புச் சுவரைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் இருமிக்கொண்டிருந்த கதையைத்தான் எழுத வேண்டும்.

இருமல் கனடாவில், நான் இருக்கும் ஸ்காபரோவில், மார்ச் மாதம் பிடித்தது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, வெறும் வறட்டு இருமல். குடும்ப டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தேன். ஏழு நிமிடம் பார்த்தார். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வருகிற இருமல், தானாகப் போய்விடும் என்றார். போகவில்லை. தோழி ஒருத்தி அங்கேயுள்ள உப்பு அறைக்குக் கூட்டிப்போனாள். உப்புப் பொடி கலந்த காற்றை மூச்சிழுத்தபடி உட்கார்ந்திருக்கும் அறை அது. குணமானதா என்றால் இல்லை, ஆனால் அன்றிரவு தொண்டை கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. அதனால்தான் நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் உப்பு அறை இருப்பதாகத் தம்பி மகள் போனில் காட்டியதும் கிளம்பினேன்.

முதல் அடி விலையில் விழுந்தது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு இன்னொரு விலை. இரட்டைக் குடியுரிமை இருக்கிறது, அதைக் காட்டும் காகிதம் சித்தி வீட்டு அலமாரியில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் என்று சொல்லிப் பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே கார்டு மெஷினை நீட்டினார்.

கையில் ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்தார்கள். உப்பு அறை பழங்கால ஆயுர்வேத ரகசியமாம், சுவர்க் கட்டிகள் இமயமலை உச்சியில் வெட்டியவையாம். உண்மை வேறு. போலந்தில் வியலிச்கா என்ற உப்புச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு மார்பு நோய் குறைவாக இருப்பதை அங்கிருந்த டாக்டர் போச்கோவ்ஸ்கி 1840களில் கவனித்து எழுதினார். இந்த வைத்தியம் அங்கிருந்துதான் கிளம்பியது. சுவரில் பதித்திருந்த இளஞ்சிவப்புக் கட்டிகளும் இமயமலை உச்சியில் வெட்டியவை அல்ல, பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்துச் சரக்கு. ஆயுர்வேதத்தை ஏன் வம்புக்கு இழுக்கிறார்களோ தெரியவில்லை.

சரி, உள்ளே போனேன். மங்கலான ஆரஞ்சு விளக்கு, சாய்வு நாற்காலி, புல்லாங்குழல் இசை. பத்து நிமிடம் கழித்து உதட்டை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை. ஸ்காபரோவில் ஐந்தாவது நிமிடமே கரிக்கும். ஏனென்றால் அங்கே வேலை செய்வது சுவர் இல்லை, மெஷின். ஹாலோஜெனரேட்டர் என்பார்கள். உலர்ந்த உப்பை ஒன்று முதல் ஐந்து மைக்ரோன் அளவுக்குப் பொடித்துக் காற்றில் ஊதும். அந்த அளவுக்குப் பொடியானால்தான் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சுவரில் இருக்கிற கட்டி வெறும் அலங்காரம். இங்கே மெஷின் சத்தமே இல்லை. அதற்குப் பதில் ‘சொட்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கிறது! கட்டிகளின் அடியில் உப்புத்தண்ணீர் கோடு கோடாக வழிந்து, மூலையில் வைத்திருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

துவாய் கொண்டுவந்த பெண் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தமிழில் கேட்டதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அக்கா, அந்த மெசின் மே மாசம் வெசாக் பண்டிகைக்கு முந்தியே நின்னுருச்சு. உப்பு ஈரமாகி உள்ளுக்குள்ள கட்டி பிடிச்சிருச்சு. சேர்கிட்ட சொல்லியாச்சு. ஆளுங்க சுவரத்தான போட்டோ பிடிக்கிறாங்க, பரவாயில்லங்கிறாரு.”

எனக்குக் கோபம் மெஷின் நின்றதற்காகக்கூட இல்லை. காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் விடும். இது ஆடி மாதம், மழை விட்டால் பனிமூட்டம், பனிமூட்டம் விட்டால் மழை. எங்கள் லயத்தில் உப்புச் சட்டி எப்போதும் அடுப்போரம்தான் இருக்கும். சிரட்டையால் மூடி, புகை பிடித்துக் கறுத்துப்போயிருக்கும். தள்ளி வைத்தால் மறுநாள் குழம்புக்குக் கரைசல்தான் கிடைக்கும். இந்த மலையில் கொழுந்து எடுக்கிற எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பாள். இவ்வளவு செலவழித்து அறை கட்டியவர்கள் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வைக்க மாட்டார்களா? கனடாவில் இப்படி நடந்தால் அடுத்த நிமிடம் பணம் திரும்பி வரும். இங்கே மேனேஜர் பிளேன் டீ கொடுத்தார். டீ அருமையாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பணத்துக்குப் பதில் மூலிகை நீராவிக் குளியலுக்கு ஒரு கூப்பன். மூன்று மாதத்துக்குள் வர வேண்டுமாம்.

அன்றிரவு சித்தி வீட்டில் தூங்கவிடாமல் இருமினேன். கொத்தமல்லி, இஞ்சி அவித்த தண்ணீர் ஒரு செம்பு உள்ளே போனது. அப்புறம் சித்தி இரும்புச் சட்டியில் கல்லுப்பை வெடிக்க வெடிக்க வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி நெஞ்சில் ஒத்தடம் வைத்தார். “காசு குடுத்து ஈரச் சுவரப் பாக்கப் போனியாக்கும்” என்று ஒரு குத்தல் வேறு. கனடா திரும்பும் வரை தினமும் இந்த மூட்டை நடந்தது.

மறுநாள் காலை அவரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். வரிசை நீளம், பெஞ்சு குறைவு, எல்லாம் பழையபடிதான். ஆனால் நான்கு மாத இருமல் என்றதும் இளம் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இங்கே இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே காசநோய்க்குச் சளி பார்க்கிறார்கள். மார்பு நோய் கிளினிக்குக்கு அனுப்பினார். சளியே வராத ஆளிடம் எப்படி எடுப்பது? உப்புக் கரைசலை நெபுலைசரில் வைத்து மூச்சிழுக்கச் சொன்னார்கள். குடலே வெளியில் வருகிற மாதிரி இருமி, கடைசியில் வந்தது. ஒரு சதம் செலவில்லை. உதடும் நன்றாகக் கரித்தது.

சளியிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் டாக்டர் தெரிந்த தமிழில் கேட்டார், “வேற மருந்து என்ன குடிக்கிறீங்க?” பிரஷருக்கு ஜனவரியில் ஆரம்பித்த ராமிப்ரில் என்றேன். அந்த வகை மாத்திரைக்கு இப்படி வறட்டு இருமல் வருவது டாக்டர்களுக்குப் புதிதில்லையாம். பிரஷர் பார்த்து லோசார்ட்டனுக்கு மாற்றிக் கொடுத்தார். (யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் ஏறினால் இருமலே தேவலை என்றாகிவிடும்.) ராமிப்ரிலை எழுதிக் கொடுத்த ஸ்காபரோ டாக்டரிடம்தான் ஏழு நிமிடம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் இருமல் நின்றது. உப்பு மூட்டைதான் காரணம் என்று சித்தி லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. நீராவிக் குளியல் கூப்பனை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன், இன்னும் போகவில்லையாம்.