புகை மருந்தா, வலையா, மண்வெட்டியா?

ஐப்பசி மழை பிடித்ததும் சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவின் மான்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன. பூச்சி பரப்பும் நோயிலிருந்து அவற்றையும் அங்குள்ள பறவைகளையும் எப்படிக் காப்பது? சேர்வராயன் மலையடிவாரத்தில் என் பட்டியிலிருந்த இரண்டு மேச்சேரி ஆடுகளை நீலநாக்கு நோய் கொண்டுபோனது இந்தப் பருவத்தில்தான். வாய் வீங்கி, எச்சில் வழிந்து, குளம்பு வலி தாங்காமல் முழங்காலிட்டபடி மேயப் பார்த்தன.

நீலநாக்கு ஒரு வைரஸ் நோய்; அந்த வைரஸைப் பரப்புவது கொசு அல்ல. 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள கியூலிகாய்ட்ஸ் என்ற கடிபூச்சி. அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களையும் இந்த நோய் கொல்கிறது. பறவைக் கூண்டுகளுக்கு வேறு ஆபத்து: கியூலெக்ஸ் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ். 1999இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் பூநாரைகள் மடிந்தது இதனால்தான்.

பூச்சி என்றதும் எல்லாரும் கேட்பது புகை மருந்து. அந்த நேரத்தில் பறப்பவைதான் அதில் சாகும். சேற்றுக்குள் வளரும் பூச்சிப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. தேனீயும் தும்பியும் சேர்ந்து மடியும். கூண்டுப் பறவை புகைக்குத் தப்பி எங்கே போகும்? நோய் தலைகாட்டிய நாளுக்கு மட்டும் இதை ஒதுக்கி வைக்கலாம்.

கொசுவலை பறவைகளுக்கு நல்ல காவல். ஆனால் அதன் கண்களுக்குள் கியூலிகாய்ட்ஸ் எளிதாக நுழைந்துவிடும். அதற்கென நெருக்கமாக நெய்த வலையைக் கட்டினால் சேலத்து வெயிலில் கொட்டகை புழுங்கும். மான் கொட்டகைக்கு நான் மின்விசிறியைத்தான் சொல்வேன். இந்தப் பூச்சியால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. தடுப்பூசியும் உண்டு, ஆனால் அது ஆடுகளுக்காக வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது மண்வெட்டியை, அதாவது பூச்சி பிறக்கும் இடத்தையே ஒழிப்பதை. ஆடுகள் இறந்தபின் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்து பார்த்தேன். கசிந்த நீர் ஒவ்வொரு குளம்புத் தடத்திலும் தேங்கி, புழுக்கையோடு கலந்து கறுத்திருந்தது. ஒரு தடத்து நீரைச் சிரட்டையில் மொண்டபோது, நூலிழை போன்ற வெண்புழுக்கள் பாம்பாக நெளிந்தன. கசிவை அடைத்து, அந்த இடத்தில் ஜல்லி கொட்டினேன். புழுக்கையை அன்றாடம் வாரித் தொலைவில் குவிக்கிறேன். கியூலெக்ஸ் முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் தொட்டி நீரை ஐந்து நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுகிறேன். பொழுது சாயும் முன்பே ஆடுகளைக் கொட்டகையில் அடைத்து விசிறியைப் போடுகிறேன். கியூலிகாய்ட்ஸ் அதிகம் கடிப்பது அந்தி மயங்கும் அந்த வேளையில்தான்.