டிரான்ஸ்டான் இதய ஒதுக்கீட்டுச் சேவை: தானம் தருபவரின் வயது கூடுதலாக இருக்கும்போது

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் ஒழுங்குபடுத்துவது, டிரான்ஸ்டான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநில உறுப்பு மாற்று ஆணையம். 2008-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி, 2014-இல் தனி அமைப்பாகப் பதிவு செய்யப்பட்ட இந்தச் சேவையைப் பற்றிச் செய்திகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் பட்டியலில் காத்திருந்த குடும்பங்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை குறைவு. இதயத்தசை வீங்கித் தளர்ந்துபோகும் நோயால் பாதிக்கப்பட்ட என் தங்கைக்கு, 35 வயதில், 53 வயதுக்காரர் ஒருவரின் இதயம் இந்தப் பட்டியல் வழியாகக் கிடைத்தது. ஆகவே வயது வேறுபாடு என்ற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

நோயாளி நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைதான் பதிவு செய்ய வேண்டும். ரத்தப்பிரிவும் பதிவு மூப்பும் ஒதுக்கீட்டின் அடிப்படைகள். மாநிலத்துக்குள் பெறுபவர் இல்லையென்றால் பிற மாநிலங்களுக்கும், கடைசியாகத்தான் வெளிநாட்டவருக்கும் உறுப்பு போகும். 2018-இல் வெளிநாட்டவருக்கு இதயங்கள் தரப்பட்டது குறித்து எழுந்த சர்ச்சையை மறக்காதவர்களுக்கு இந்த வரிசையின் அருமை தெரியும். ஆணையம் இதயத்தை முறைப்படி முன்வைக்கிறது. அதை ஏற்பதா வேண்டாமா என்று அந்த நோயாளியின் அறுவைச் சிகிச்சை நிபுணர் முடிவெடுக்கிறார். இந்தப் பிரிவினை சரியானது என்பதே என் கருத்து. வயதை வைத்து ஓர் இதயத்தைக் கணினியே கழித்துக்கட்டிவிட்டால், பயன்படக்கூடிய பல இதயங்கள் வீணாகிவிடும்.

வயதைக் காட்டிலும் முதலில் பார்க்கப்படுவது அளவு. தானம் தருபவரின் உயரம், எடை, பாலினம், வயது ஆகியவற்றைக் கொண்டு இதயத்தின் நிறையைக் கணக்கிட்டு, பெறுபவருக்குத் தேவைப்படும் நிறையோடு ஒப்பிடுகிறார்கள். இதயம் சிறியதாக இருந்து, பெறுபவரின் நுரையீரல் ரத்த அழுத்தமும் அதிகமாக இருந்தால், நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்பும் வலது கீழறை திணறிவிடும். இளையவரின் இதயமே எப்போதும் மேலானது என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. அடுத்தது நேரம். எடுத்த இதயத்தைக் குளிரூட்டிய பெட்டியில் கொண்டுவந்து, ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும்; வயது கூடக்கூட இந்த வரம்பில் சலுகை குறைகிறது. இதய, நுரையீரல் மாற்றுக்கான சர்வதேசச் சங்கம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 45 வயதுக்குக் குறைந்தவரின் இதயம் சற்றுக் கூடுதல் நேரத்தையும் தாங்கும். 45 முதல் 55 வரை என்றால், நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்; பெறுபவருக்கும் வேறு நோய்களோ அறுவைச் சிகிச்சைச் சிக்கல்களோ இருக்கக் கூடாது. 55-ஐத் தாண்டினால், அந்த இதயத்தால் நோயாளிக்குக் கிடைக்கும் உயிர்வாழும் வாய்ப்பு, அதனால் தொடக்கத்தில் வரக்கூடிய ஆபத்தைவிடத் தெளிவாகக் கூடுதல் என்ற நிலையில் மட்டுமே ஏற்கலாம்.

அந்தக் கடைசி நிலைக்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 2024-இல், கராச்சியிலிருந்து வந்த 19 வயதுப் பெண்ணுக்கு, டெல்லியில் மூளைச்சாவு அடைந்த 69 வயதுக்காரரின் இதயம் இங்குள்ள எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. முன்பு பொருத்தியிருந்த இதயப் பம்ப் பழுதடைந்து, இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியின் துணையோடு உயிர் பிழைத்திருந்தவர் அவர். நாட்டுக்குள் வேறு பெறுபவர் இல்லாததால்தான் வெளிநாட்டவரான அவருக்கு அது வந்தது. வயது இடைவெளி ஐம்பது ஆண்டுகள். 2008-இல் 15 வயது ஹிதேந்திரனின் இதயம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டதிலிருந்து, இந்த நகரத்து மருத்துவர்கள் இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் பெருமிதமாகவே இருக்கிறது.

குறை எங்கே இருக்கிறது என்றால், இந்த விவரங்கள் குடும்பத்தின் காதுக்கு வந்து சேரும் நேரத்தில். நாங்கள் பதிவு செய்த மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. சிகிச்சையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதக்கணக்கில் நடந்த பரிசோதனைகளின்போதும் ஆலோசனைகளின்போதும், தானம் தருபவர் வயதில் மூத்தவராக இருக்கக்கூடும் என்று ஒருவரும் எங்களிடம் பேசவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில், "டோனருக்கு 53 வயசு, ஆஞ்சியோ பார்த்தாச்சு, நல்லா இருக்கு, ஒரு மணி நேரத்துல சொல்லுங்க" என்றார். என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவளுக்கு இன்னும் நாப்பது வருஷம் ஓடணுமே டாக்டர், அது தாங்குமா?" என்பது. பணியில் இருந்த இளம் மருத்துவர், தன் கைப்பேசியில் வந்திருந்த ஆஞ்சியோகிராம் காட்சியை அம்மாவின் முன் ஓடவிட்டு, மூன்று ரத்தக்குழாய்களிலும் சாயம் நுனிவரை தடையில்லாமல் கறுப்பாக இறங்குவதை விரலால் தொட்டுக் காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்கு எந்த இதயத்துக்கும் உத்தரவாதம் தர முடியாது என்பதையும், தங்கையின் உடல்நிலை இன்னொரு வாய்ப்புக்குக் காத்திருக்க விடாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த உரையாடல் பதிவு நாளன்றே நடந்திருக்க வேண்டியது.

ஆணையம் இதைக் கட்டாயமாக்கலாம். எந்த வயது வரையிலான இதயத்தை ஏற்கச் சம்மதம், எந்த நிபந்தனைகளின் பேரில், நோயாளியின் நிலை மோசமானால் அந்த எல்லை எப்படி மாறும் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதி வாங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் செய்தால் போதும். நள்ளிரவில் பயத்தால் மறுக்கும் குடும்பங்கள் குறையும். அறுவைச் சிகிச்சைக் குழுவுக்கும் நேரம் மிச்சமாகும். ஏழைக் குடும்பங்கள் இதில் கூடுதலாகத் தடுமாறுகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் அடங்கும் என்பதால் செலவைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். இதயத்தின் வயதைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பதிவு செய்யப் போகிறவர்கள் மருத்துவரிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வயதான இதயத்தில், மாற்றுக்குப் பிறகு ரத்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கும் அபாயம் கூடுதல். அதனால் ஆண்டுதோறும் நடக்கும் ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடவே கூடாது. என் தங்கைக்கு இரண்டாம் ஆண்டுப் பரிசோதனையில் ஒரு குழாயில் லேசான தடிப்பு தெரிந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை மாற்றினார்கள். அதற்கு அடுத்த பரிசோதனையில் அந்தத் தடிப்பு கூடவில்லை. அவள் பள்ளியில் பாடம் நடத்தத் திரும்பிவிட்டாள்.