தன் சதை ஆடும்தான், ஆட்டுவது யார்? அண்ணன் தம்பி பகை சொன்ன மூன்று படங்கள்

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்ற ஒரே சொலவடையை முதலாக வைத்து நம் சினிமா எத்தனையோ அண்ணன் தம்பிகளைச் சேர்த்துவைத்திருக்கிறது. முறைத்துக்கொண்டு திரிவார்கள், ஒருத்தனுக்கு அடிபடும், இன்னொருத்தன் ஓடிவருவான், சுபம். இந்த வகைப் படங்களை எடைபோட எனக்கு ஒரே கேள்விதான்: சதை தானாக ஆடியதா, இயக்குநர் பிடித்து ஆட்டினாரா? அந்தக் கேள்வியோடு மூன்று படங்களைத் திரும்பப் பார்த்தேன். மணிரத்னத்தின் அக்னி நட்சத்திரம் (1988), மது சி. நாராயணன் இயக்கிய மலையாளப் படம் கும்பளங்கி நைட்ஸ் (2019), ஐஸ்லாந்து இயக்குநர் கிரிமுர் ஹாக்கோனர்சனின் ராம்ஸ் (2015). முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லித்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பகைக்கான காரணம் பளிச்சென்று இருப்பது அக்னி நட்சத்திரத்தில்தான். விஜயகுமார் பெரிய அதிகாரி, அவருக்கு இரண்டு வீடு. சுமித்ரா பெற்ற கௌதம் (பிரபு) போலீஸ் அதிகாரி. ஜெயசித்ரா பெற்ற அசோக் (கார்த்திக்) எந்த நேரமும் சீறிக்கொண்டிருக்கும் இளவட்டம். இருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தவர் அப்பா. அவர்மேல் காட்ட வேண்டிய கோபத்தை இவர்கள் ஒருவர்மேல் ஒருவர் காட்டுகிறார்கள். இரண்டு தாரத்துப் பிள்ளைகள் ஒரே ஊரில் வளர்ந்த குடும்பம் எதையாவது அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். பிரபுவும் கார்த்திக்கும் எதிரெதிரே நின்றாலே போதும், வசனம் தேவையில்லை. பி.சி. ஸ்ரீராமின் வெளிச்சமும் நிழலும் பாதி வேலையை முடித்துவிடும்.

கேள்வியை இவ்வளவு நன்றாகக் கேட்ட படம், பதில் சொல்லும் நேரத்தில் நழுவிவிடுகிறது. அப்பாவை வில்லனின் ஆட்கள் தாக்குகிறார்கள், அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மகன்கள் காவலுக்கு நிற்கிறார்கள். "ஏன்ப்பா இப்படிப் பண்ணினீங்க?" என்று இரண்டு மகன்களும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு காட்சி படத்தில் இல்லை. அடிபட்டுக் கிடப்பவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? அப்பா தப்பித்துக்கொள்கிறார், திரைக்கதையும் கூடவே தப்பித்துக்கொள்கிறது. விளக்குகள் விட்டுவிட்டு எரியும் கடைசிச் சண்டையைப் படமாக்கிய விதம் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த வெளிச்சத்தில் அண்ணன் தம்பி முகத்தைத் தேடவேண்டியிருந்தது. ஜனகராஜ், வி.கே. ராமசாமி வரும் நகைச்சுவை தனி ஓடையாக ஓடுகிறது. இளையராஜா பாட்டுகளைக் குறைசொல்ல நாக்கு வராது. ஆனால் அவற்றில் பெரும்பங்கு காதலுக்குப் போய்விட்டது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கும்பளங்கியில் காரணம் என்று ஒன்றைத் தொட்டுக் காட்டவே முடியாது. சஜி, போனி, பாபி, ஃப்ராங்கி என்று நான்கு பேர். எல்லோரும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களும் இல்லை. கொச்சிக்குப் பக்கத்தில், ஊர்க்காரர்கள் வேண்டாத பூனைகளைக் கொண்டுவந்து விடுகிற இடத்தில், கதவில்லாத வீடு. அப்பா இல்லை, அம்மா துறவுவாழ்க்கைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் சோறாக்க ஆளில்லை, அதட்ட ஆளில்லை, அதனால் அடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். விடுதியில் தங்கிப் படிக்கும் கடைக்குட்டி ஃப்ராங்கி ஊருக்கு வந்து மீன் பிடித்து, சமைத்து, அண்ணன்களுக்காகக் காத்திருக்கிறான். அந்தப் பையன் கண்ணில்தான் வீட்டின் அவமானம் நமக்குத் தெரிகிறது. ஷ்யாம் புஷ்கரனின் எழுத்துக்கு இது ஒன்றே போதும்.

மூன்று படங்களையும் சேர்த்து ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள் என்றால், சௌபின் சாஹிர் நடித்த சஜி டாக்டரிடம் போவதைத்தான் எடுப்பேன். தற்கொலை செய்யப்போன தன்னைக் காப்பாற்றப் போய் நண்பன் செத்துவிட்டான். அழுகை வரவில்லை. மனசு கழன்றுபோவது அவனுக்கே தெரிகிறது. என்னை டாக்டரிடம் கூட்டிப் போ என்று தம்பியிடம் கேட்கிறான். அண்ணன் தம்பியிடம் கேட்பது! நம் வீடுகளில் அண்ணன் கடன் கேட்பான், கையெழுத்துக் கேட்பான், இதைக் கேட்கமாட்டான். பிறகு டாக்டரைக் கட்டிக்கொண்டு உடைந்து அழுகிறான். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாம் மெதுவாக மாறுகிறது. வில்லன் வந்து சேர்த்துவைக்கும் முன்பே இவர்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள் என்பதுதான் இந்தப் படத்தின் பெரிய பலம். ஃபஹத் ஃபாசிலின் ஷம்மி, அதாவது பாபி காதலிக்கும் பெண்ணின் அக்கா புருஷன், மீசையைத் தடவிக்கொண்டு கண்ணாடியில் தன்னையே ரசிக்கும் அந்த மனிதன், படத்தையே தூக்கிக்கொண்டு போகிறான். தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறான் என்பதும் உண்மை. கடைசி அரைமணி நேரம் திகில் படமாகி, சகோதரர்கள் அவனை மீன்வலை போட்டுப் பிடிக்கையில் தியேட்டர் கைதட்டும். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருந்த கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

தமிழனாக எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. செத்துப்போகிற அந்த நண்பன் முருகன், பிழைக்க வந்து துணி தேய்த்துக்கொடுக்கும் நம் ஊர் ஆள். நடித்தவர் ரமேஷ் திலக். மனைவி சதி, நிறைமாதக் கர்ப்பிணி. நடித்தவர் ஷீலா. சஜி குணமாக ஒரு தமிழ்க் குடும்பம் சிதையவேண்டியிருக்கிறது. புருஷன் சாவுக்குக் காரணமானவன் வீட்டுக்கே அந்தப் பெண் வந்து தங்குகிறாள். அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று படம் இரண்டு நிமிடம்கூட நின்று கேட்கவில்லை. இவ்வளவு நுணுக்கமான எழுத்தில் இந்த ஓட்டை எப்படி விழுந்தது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

ராம்ஸ் வேறு ஜாதி. பக்கத்துப் பக்கத்துப் பண்ணையில் ஆடு வளர்க்கும் இரண்டு கிழவர்கள், கும்மி, கிட்டி. நாற்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தவிர்க்க முடியாமல் சொல்லவேண்டியது இருந்தால் சீட்டு எழுதி நாய் வாயில் கொடுத்து அனுப்புகிறார்கள். சிரிப்பு வருகிறதா? எங்கள் தெருவில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்த அண்ணன் தம்பி, கரண்ட் போனால் "அங்க இருக்கான்னு பாத்துட்டு வா" என்று பேரனைத்தான் அனுப்புவார்கள். அங்கே நாய், இங்கே பேரன்.

மந்தைக்கு ஸ்க்ரேப்பி என்ற, ஆடுகளின் மூளையைத் தாக்கும் தொற்றுநோய் வருகிறது. பள்ளத்தாக்கில் இருக்கும் ஆடு அத்தனையையும் கொல்லவேண்டும் என்று உத்தரவு. குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடக்கும் அண்ணனை, மண் அள்ளும் வண்டியின் முன்வாளியில் வாரிப்போட்டுக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் கொட்டிவிட்டுத் திரும்புகிறான் கும்மி. ஒரு வார்த்தை கிடையாது. சதை ஆடுவது என்றால் இதுதான். காப்பாற்றியே ஆகவேண்டும், ஆனால் கையால் தொடமாட்டேன்! கேன் விழாவில் அன் சர்டைன் ரிகார்ட் பிரிவின் பரிசை வாங்கிய படம் இது. அந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. பகை ஏன் வந்தது என்பதைப் படம் கஞ்சத்தனமாகத்தான் சொல்கிறது. நிலம் ஒருவர் பேருக்கே போன விஷயம் போகிறபோக்கில் வருகிறது, அவ்வளவுதான். நடு நடுவே நடை ரொம்ப மந்தம். பனிப்புயலில், பனியைத் தோண்டிய குழிக்குள், அண்ணன் தன் உடம்புச் சூட்டைத் தம்பிக்குக் கொடுப்பதோடு படம் நின்றுவிடுகிறது. தம்பி பிழைத்தானா என்று தெரியாது. என் மனைவி ரிமோட்டைத் தூக்கி எறியாத குறை.

ஒரு விஷயத்தில் மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம்: அம்மா. அக்னி நட்சத்திரத்தில் இரண்டு அம்மாக்களும் பொறுமையின் வடிவங்கள், பிள்ளைகளின் கோபத்துக்கு அணைபோடவே இருக்கிறார்கள். ராம்ஸில் அம்மா நினைவாக மட்டுமே இருக்கிறார். கும்பளங்கியில் பிள்ளைகள் தேடிப்போய்க் கூப்பிட்டும் அம்மா வீட்டுக்கு வர மறுத்துவிடுகிறார். தமிழ்ப் படமாக இருந்தால் கடைசி ரீலில் ஆட்டோவில் வந்து இறங்கியிருப்பார். இதில் வரவே இல்லை. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அம்மாவாக இருந்துகொள்ள வேண்டியதுதான் என்று படம் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அதைத்தான் காட்டுகிறது.

ஆட்டுவது யார் என்ற என் கேள்விக்கு வருகிறேன். அக்னி நட்சத்திரத்தில் வில்லன், ராம்ஸில் நோய், கும்பளங்கியில் சஜியே. அதனால் எனக்குக் கும்பளங்கி முதல், மயிரிழையில் ராம்ஸ் இரண்டாவது, அக்னி நட்சத்திரம் மூன்றாவது. ஆனால் டிவியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எது ஓடினால் சேனலை மாற்றமாட்டேன் என்று கேட்டால் வரிசை அப்படியே தலைகீழ். "என் பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா" என்று ஜனகராஜ் கத்தும்வரைக்குமாவது உட்கார்ந்திருப்பேன்.