பழவேற்காட்டுச் சேற்றில் வாடகைக் கேரவன்

தை மாதம் பெரம்பூரிலிருந்து வாடகைக் கேரவனில் பழவேற்காடு போனோம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். வண்டிக்குள் குறையே இல்லை. கட்டில் பளிச், ஃபிரிட்ஜ் ஜில், அம்மா அதிலேயே ஃபில்டர் காபி போட்டார்.

பூநாரை பார்க்கும் ஆசையில் ஏரிக்கரை மண்பாதையில் இறக்கச் சொன்னது நான்தான். டிரைவர் அண்ணன் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. மேலே காய்ந்த மண், அடியில் சேறு. பின்சக்கரம் சுற்றச் சுற்ற அச்சு வரை புதைந்தது. ஜாக்கி வைத்தால் ஜாக்கியே உள்ளே போகிறது. அடியில் வைக்க ஒரு பலகை கிடையாது, இழுக்கக் கயிறு கிடையாது, காற்றடிக்கும் பம்பும் இல்லை. 24 மணி நேர உதவி எண்ணில் "லொகேஷன் அனுப்புங்க சார்" என்றதோடு சரி. ராத்திரி முழுக்கக் கொசுதான் துணை.

விடிந்ததும் மீனவர்கள் நாலு பேர் வந்தார்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கி, பனைமட்டையைப் போட்டுத் தள்ளினார்கள். பத்தே நிமிடம். அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து பொன்னேரி போய்க் காற்றடித்தோம்.

வண்டிக்கு நாலு ஸ்டார், சேவைக்கு ஒன்று. அட்வான்ஸில் சேறு கழுவும் கூலி என்று 1,500 ரூபாய் பிடித்தார்கள்.

பூநாரை? காலையில் தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன.