டிடெக்டரா, மல்டிமீட்டரா?

பெங்களூரு அல்சூரில் சித்தப்பாவுக்குப் பாத்திரக்கடை. லேண்ட்லைனில் அவர் பேசும் மொத்த விலை மறுநாளே போட்டிக் கடைக்குத் தெரிந்துவிடுகிறது. "யாரோ ஒட்டுக்கேக்கிறாங்க. எஸ்.பி. ரோட்டுல அதைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர் விக்கிறானாம், வாங்கிட்டு வாடா" என்றார். வாங்கினேன், வோல்ட் அளக்கும் என் பழைய மல்டிமீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் சேர்த்தே எடுத்துப் போனேன்.

டிடெக்டருக்கு ரேடியோ அலை மட்டும்தான் தெரியும். கடைக்குள் ஆன் செய்ததும் வைஃபை, மொபைல் எல்லாவற்றுக்கும் கத்தியது. அவற்றை அணைத்த பிறகும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: லைனில் ஓடும் கரண்டிலேயே இயங்கும் ஒட்டுக்கேட்புக் கருவிகள் ரிசீவரை எடுத்தால்தான் அலை அனுப்பும். ரிசீவரை வைத்தபடி தேடினால் ஒன்றும் சிக்காது. கம்பியிலேயே கோத்து வைத்த ரெக்கார்டர் அலையே அனுப்பாது. அதன் பக்கத்தில் கொண்டு போனாலும் டிடெக்டர் வாய் திறக்காது.

மல்டிமீட்டர் சத்தமில்லாத வேலைக்காரன். சுவரில் போன் கம்பி வந்து சேரும் சின்னப் பெட்டியான ரோசட்டைத் திறந்து இரண்டு கம்பிகளில் வைத்தேன். ரிசீவரைப் போனில் வைத்திருந்தபோது 48 வோல்ட்டுக்குப் பக்கத்தில், எடுத்ததும் 8. மணி அடிக்கும்போது மட்டும் கம்பியில் கை வைக்காதீர்கள், ஷாக் நன்றாகவே அடிக்கும். சித்தப்பா பேசிக்கொண்டிருக்கையில் 8 திடீரென 5 ஆனது. அதே லைனில் இன்னொரு ரிசீவரை யாரோ எடுத்திருக்கிறார்கள்! கம்பியைத் தொடர்ந்து போனால், குடோனில் எல்லோரும் மறந்துபோன பழைய எக்ஸ்டென்ஷன் போன். இரண்டு வாரமாகக் கடைப் பையன் மேல் சந்தேகப்பட்டிருந்தார் சித்தப்பா. குடோனுக்கு வந்துபோகும் ஆட்கள் வேறு. அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

மீட்டருக்கும் எல்லை உண்டு. மிகக் குறைவாகக் கரண்ட் எடுக்கும் கருவியை இணையாகச் சேர்த்திருந்தால் முள் அசையாது. அதற்குக் கண்தான் வேண்டும். பழைய போனில் பேசும் பக்கத்து மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். மைக் இருக்கும் இடத்தில் அதே வடிவத்தில் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்துவது பழைய உத்தி. ரோசட்டையும் வெளியே போன் கம்பிகள் பிரியும் டிபி பாக்ஸையும் விடாதீர்கள். பைபர் இணைப்பு என்றால் கதை வேறு: வீட்டு மோடத்திலிருந்து போன் வரைக்கும்தான் செம்புக்கம்பி, அதை மட்டும் பார்த்தால் போதும்.

எக்ஸ்சேஞ்சிலேயே ஒட்டுக்கேட்டால் இரண்டாலும் ஆகாது. ராமகிருஷ்ண ஹெக்டே 1988இல் கர்நாடக முதல்வர் பதவியை விட்டது தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில்தான். அந்த மாதிரி வேலையை வீட்டுச் சுவரில் தேடிப் பயனில்லை.

மொபைலுக்கு டிடெக்டர் வாங்கவே வாங்காதீர்கள். உளவு ஆப் அந்த போனின் சிக்னலிலேயேதான் தகவல் அனுப்பும், பிரித்தறிய முடியாது. ஐபோனில் மைக் ஓடும்போது ஆரஞ்சுப் புள்ளி, ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளம் திரையின் மேலே வரும். எந்த ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறது என்று செட்டிங்கில் பாருங்கள். அப்புறம் *#21# அடித்து, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்று பாருங்கள். சித்தியின் மொபைலில் இதை முடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.