எதையும் வெளியே தள்ளாத தத்துவம் எது?

இருப்பவை எல்லாவற்றையும் விளக்க முயலும் தத்துவங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எளிமையைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். ஒன்றே போதும் என்பது உயர்ந்தது, பத்து வேண்டும் என்பது தாழ்ந்தது. நான் பார்ப்பது வேறு: அந்தத் தத்துவம் எதையெல்லாம் ‘வெறும் தோற்றம்’ என்று ஒதுக்கிவிட்டு அந்த எளிமையை அடைகிறது?

சோதித்துப் பார்க்க ஐந்து விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கல். ஒரு பல்வலி. ஏழு என்ற எண். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கடமை. தேடிய புத்தகம் மேசைமேல் இல்லை என்ற இன்மை. இந்த ஐந்துக்கும் இடம் தராத சட்டகம், எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இருப்பதெல்லாம் பருப்பொருளே என்னும் பொருள்முதல்வாதத்துக்குக் கல் மிக எளிது. கல்லின் எடை, உடையும் விதம், உருவான வரலாறு ஆகியவற்றை இயற்பியலைப்போல் வேறெதுவும் விளக்கியதில்லை. இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலும் சேர்ந்து பிரபஞ்சத்தில் ஏறக்குறைய 95 சதவீதம், அவை என்னவென்றே தெரியாதே என்று சிலர் மடக்கப் பார்க்கிறார்கள். அது நியாயமான எதிர்வாதம் அல்ல. இன்னும் முடிவடையாத ஆய்வு வேறு, போகவே முடியாத வழி வேறு. இந்த வாதம் உண்மையில் இடறுவது பல்வலியில். நரம்பில் எந்த அயனி எப்படி ஓடுகிறது என்று முழுவதும் சொல்லி முடித்த பிறகும், அது ஏன் வலிக்க வேண்டும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995இல் இதைத்தான் கடினமான சிக்கல் என்றார். வலி ஒரு மாயத்தோற்றம் என்ற பதில் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. கானல்நீரில் தோற்றம் உண்டு, நீர் இல்லை. வலியிலோ அந்தத் தோற்றமேதான் வலி.

அத்வைதம் மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. அறிவுணர்வே மெய். அதனால் சால்மர்ஸின் கேள்வி அங்கே எழுவதே இல்லை. ஆனால் இப்போது கல்லுக்குச் சிக்கல். கல்லும் எண்ணும் கடமையும் வியாவகாரிக (அன்றாட வழக்கு) நிலையில் உண்மை, பாரமார்த்திக (இறுதி உண்மை) நிலையில் அல்ல என்கிறது. சரி, அப்படித் தோன்றவைக்கும் அவித்தை என்ற அறியாமை யாரிடம் இருக்கிறது? ஜீவனிடம் என்றால், ஜீவனே அவித்தையின் விளைவு. பிரம்மத்திடம் என்றால், அறிவே வடிவான ஒன்றில் அறியாமை எப்படித் தங்கும்? ராமானுஜர் எழுப்பிய ஏழு தடைகளில் முதலாவது இதுதான். பின்வந்த அத்வைதிகளே பாமதி மரபு, விவரண மரபு என்று இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். பொருள்முதல்வாதம், அத்வைதம் என்ற இந்த இரு பெரும் எதிரிகளும் செய்வது ஒரே காரியம் என்றே நினைக்கிறேன்: தன்னால் விளக்க முடியாத பாதியைத் தோற்றம் என்று கணக்கெழுதிவிடுவது.

இரண்டும் மெய், உடல் வேறு மனம் வேறு என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டின் வழியில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. உருவமற்ற மனம் உடலை எப்படி அசைக்கிறது என்று பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் 1643இலேயே அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். டெக்கார்ட் தந்த பதில்கள் எலிசபெத்துக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

டெக்கார்ட்டுக்குப் பின்வந்த தத்துவவாதி ஸ்பினோசா அந்தக் கேள்வியையே கரைத்துவிடுகிறார். அவர் இறந்த 1677ஆம் ஆண்டிலேயே வெளிவந்த பெருநூலின்படி உள்ளது ஒரே பொருள். நரம்பின் அசைவும் வலியும் அதன் இரண்டு முகங்கள். மிக அழகான தீர்வு. ஆனால் விலை பெரிது. எல்லாம் கட்டாயத்தால் நடக்கிறது. வேறு விதமாக நடந்திருக்கவே முடியாது. எண் என்பது கற்பனைக்கு உதவும் கருவி மட்டுமே என்று 1663இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதுகிறார். நன்மை, தீமையும் பொருள்களில் இல்லை, நம் ஒப்பீட்டில் இருக்கின்றன. கல்லும் வலியும் உள்ளே வந்தன. ஏழும் கடமையும் மெலிந்துபோயின.

பழைய இந்தியத் தத்துவ மரபான வைசேஷிகத்துக்கு வரும்போது என் மனம் உண்மையாகவே மகிழ்கிறது. இங்கே எதையும் வெளியே தள்ளும் அவசரம் இல்லை. திரவியம் (பொருள்), குணம், கர்மம் (அசைவு), சாமானியம் (பொதுமை), விசேஷம் (தனித்தன்மை), சமவாயம் (பிரியாத இணைப்பு) என்று ஆறு பதார்த்தங்கள், அதாவது இருப்பவற்றின் வகைகள். கல் திரவியம். துக்கம் ஆன்மாவின் குணம். எண்ணும் குணம்தான், அதிலும் ஒன்று என்பது பொருளிலேயே இருக்கிறது, இரண்டு முதலானவை எண்ணும் அறிவைச் சார்ந்து தோன்றுகின்றன என்ற நுணுக்கம் வேறு. கடமை அப்படியே இடம்பெறவில்லை என்றாலும், தர்மமும் அதர்மமும் ஆன்மாவின் குணங்களாக வந்துவிடுகின்றன. பிற்காலத்தவர் அபாவம் (இன்மை) என்ற ஏழாவது பதார்த்தத்தையும் சேர்த்தார்கள். மேசைமேல் இல்லாத புத்தகத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது! இன்மையை இவ்வளவு மதித்த மரபுகள் அரிது.

குறை ஒட்டும் பசையில் இருக்கிறது. குணத்தைத் திரவியத்தோடு இணைப்பது சமவாயம். அந்தச் சமவாயத்தை அவ்விரண்டோடும் இணைப்பது எது? இன்னொரு சமவாயமா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் முடிவில்லை என்று சங்கரர் காட்டினார். சமவாயம் தானே ஒட்டிக்கொள்ளும் என்ற மறுமொழியில் வலு குறைவு. எல்லாம் இருக்கிறது, ஆனால் ஏன் ஒன்றாக இருக்கிறது என்பது சொல்லப்படவில்லை.

அதைச் சொல்ல முயன்றவர் கணிதவியலாளராகத் தொடங்கிய ஒயிட்ஹெட். 1929இல் அவர் முன்வைத்த அமைப்பில் அடிப்படை பொருள் அல்ல, நிகழ்வு. ஒவ்வொரு நிகழ்வும் முன்னிருந்தவற்றை உள்வாங்கித் தன்னை உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே உறவு வெளியிலிருந்து ஒட்டப்படுவதில்லை; உறவுகளால்தான் ஒரு நிகழ்வு அந்த நிகழ்வாகிறது. கல், எண்ணற்ற நிகழ்வுகளின் தொடர். எண்களுக்கு, நிகழ்வுகளில் இடம்பெறக்கூடிய நித்திய வடிவங்கள் என்ற தனி வகை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு நோக்கு உண்டு என்பதால் மதிப்பும் உலகின் அடித்தளத்திலேயே இருக்கிறது. கடமை வேர்விட அங்கே மண் உண்டு. உள்வாங்காமல் விலக்கியதும் தன் தடத்தை விட்டுச்செல்கிறது என்பதால், இன்மையும் அங்கே வெறும் வெற்றிடமல்ல.

அவர் நடை கடினம், புனைந்த கலைச்சொற்கள் ஏராளம், கடவுளுக்கும் அந்த அமைப்பில் தவிர்க்க முடியாத வேலை இருக்கிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் அவர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் பல்வலி இங்கும் முழுதாக அடங்கவில்லை. நுண்ணிய நிகழ்வுகள் ஒவ்வொன்றிலும் உணர்வின் சாயல் உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அவை சேர்ந்து ‘என்’ வலி என்ற ஒற்றை அனுபவமாவது எப்படி? உணர்வுகளை அடுக்குவதால் புதியதோர் உணர்வு பிறக்காது என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எச்சரித்திருந்தார். உடலின் நிகழ்வுகளையெல்லாம் திரட்டி உணரும் ஒரு தலைமை நிகழ்வு உண்டு என்பது ஒயிட்ஹெட் தரப்பின் பதில். அத்தனையும் எப்படி அந்த ஒன்றுக்குள் கூடுகிறது என்று யாராவது காட்டும்வரை, அவருக்கு முழு மதிப்பெண் தர என்னால் முடியாது.