40 மீட்டரில் ப்யூர்சிக்னல்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹெர்ம்ஸ் லைட் 2 என்ற, கணினியோடு இயங்கும் ஹாம் ரேடியோவின் 5 வாட்டுக்குப் பின்னால், 13.8 வோல்ட்டில் ஓடும் ஒரு 100 வாட் மாஸ்ஃபெட் ஆம்ப் (டிரான்சிஸ்டரால் சக்தியைக் கூட்டும் பெருக்கி). இதை வைத்துத்தான் ரொம்ப நாளாக 40 மீட்டர் பேண்டில் பேசிவருகிறேன். ரேடியோவை இயக்கும் தெட்டிஸ் மென்பொருளில், ஆம்பின் திரிபைத் திருத்தும் ப்யூர்சிக்னல் வசதி எப்போதும் ஆனில் இருக்கும். “அதனால் உங்களுக்கு என்ன லாபம்?” என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: எனக்கு ஒன்றுமில்லை. என் குரல் முன்பு கேட்டது போலவேதான் கேட்கிறது. லாபமெல்லாம் பக்கத்து அலைவரிசையில் பேசுகிறவருக்கு: திரிபால் சிதறும் சத்தம் அவர்மேல் விழாது. இந்தியாவில் நமக்கு இந்த பேண்டில் இருப்பதே 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சாயங்கால நெரிசலில் அது பெரிய விஷயம்.

வாரன் ப்ராட் எழுதிய இந்த நிரல் செய்வது இதுதான்: ஆம்ப் வெளியே விடும் சிக்னலில் கொஞ்சம் எடுத்து, அனுப்பியதோடு ஒப்பிட்டு, எந்தச் சிக்னல் அளவில் கெயினும் (பெருக்கும் மடங்கு) ஃபேஸும் (அலையின் கட்டம்) எவ்வளவு பிசகுகின்றன என்று கணக்குப் போடுகிறது. பிறகு அதே பிசகைத் தலைகீழாக முன்கூட்டியே சேர்த்து அனுப்புகிறது. துவைத்தால் சுருங்கும் துணிக்குத் தையல்காரர் கூடுதலாக விட்டுத் தைப்பார் அல்லவா, அந்தக் கணக்கு.

ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடில் 700, 1900 ஹெர்ட்ஸ் இரண்டு டோன்கள் கொடுத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். 3100 ஹெர்ட்ஸிலும், கேரியருக்கு மறுபக்கம் 500 ஹெர்ட்ஸிலும் திரிபால் பிறக்கும் மூன்றாம் படிக் கழிவுகள் முளைக்கும். என் ஆம்பில் அவை டோனுக்கு 30 டெசிபெல்கூடக் கீழே இல்லை. ப்யூர்சிக்னலைப் போட்டதும் 50-ஐ ஒட்டி இறங்கிவிடுகின்றன. (விளம்பரங்களில் பெரும்பாலும் உச்ச சக்தியை வைத்துச் சொல்வார்கள், அது டோனை வைத்து அளப்பதைவிட 6 டெசிபெல் அழகாகத் தெரியும்.)

ஆனால் இந்த எண்ணை எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தெட்டிஸ் திரையை மட்டும் நம்பக் கூடாது. தனியாகக் கேட்டு அளக்க மாட்டும் ஆர்டிஎல் டாங்கிளோ (மலிவான யுஎஸ்பி ரிசீவர்) 8 பிட் சரக்கு. 50 டெசிபெல் பக்கம் வரும்போதே திணறும். சந்தேகம் வந்தால் டாங்கிளுக்கு முன்னால் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் போடுங்கள். டோனுக்கும் கழிவுக்கும் உள்ள இடைவெளி மாறினால், கழிவு உங்கள் ஆம்பில் இல்லை, டாங்கிளுக்குள் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர், ஒப்பிடுவதற்காகத் திரும்பி வரும் அந்த மாதிரிச் சிக்னல், அதாவது ஃபீட்பேக்தான். ஹெர்ம்ஸ் லைட் தனியாக இருக்கும்போது உள்ளே ரிலேயில் கசியும் சிக்னலே போதும். வெளியே ஆம்ப் சேர்த்தால் அது போதாது. அந்தக் கசிவு 5 வாட் பகுதியை மட்டும்தான் பார்க்கிறது. திரையில் பச்சை விளக்கு எரியும், ஆம்போ தன் போக்கில் பக்கத்து அலைவரிசைகளில் ஸ்ப்ளாட்டர் அடித்துக்கொண்டிருக்கும். ஆம்பின் வெளியீட்டில், சிக்னலில் கொஞ்சம் எடுத்துத் தரும் சேம்ப்ளர் வைத்தே ஆக வேண்டும்.

என்னுடையது வீட்டில் செய்தது. ஃபெரைட் வளையத்துக்குள் கோஆக்ஸின் நடுக்கம்பி ஒரு தடவை நுழைகிறது. வளையத்தில் 30 சுற்று, அதற்கு 50 ஓம் லோடு. 100 வாட் சுமார் 0.1 வாட்டாகக் குறையும். அதற்குப் பின் ரெசிஸ்டர்களால் கட்டிய 30 டெசிபெல் அட்டெனுவேட்டர். எல்லாம் உலோகப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறையில் சுற்றும் ரேடியோ அலை ஃபீட்பேக்கில் கலந்து கணக்கைக் கெடுக்கும். ஃபீட்பேக் விளக்கு பச்சையில் நிற்க வேண்டும்: சிவப்பு என்றால் போதவில்லை, நீலம் என்றால் அளவு மீறிவிட்டது. ஆட்டோ-அட்டெனுவேட்டை ஆன் செய்துவிட்டால் பேண்ட் மாற்றும்போது அதுவே சரிசெய்துகொள்ளும்.

ஆம்பின் கெயினைக் கோடாக வரைந்து காட்டும் ஆம்ப்வியூ சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது எனக்குப் பிடித்த வேடிக்கை. ஹீட்சிங்க் சூடாகச் சூடாகக் கெயின் கோடு மெல்ல வளையும்; மழையில் ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மாறினாலும் வளையும். நிரல் விடாமல் பின்தொடரும். சேமித்து வைத்த பழைய திருத்தத்தை ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

எல்லாவற்றையும் இது தீர்க்காது. ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுத் தட்டையாகிப்போன இடத்தில் திருத்த எதுவும் இல்லை: இன்னும் டிரைவ் (உள்ளீட்டுச் சக்தி) கொடு என்று நிரல் கேட்கும், கொடுத்தாலும் வெளியே ஏறாது. நான் 80 வாட் உச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எதிர்முனையில் இந்த ஒரு டெசிபெல் குறைவை யாரும் கவனித்ததில்லை. கிரிஸ்டல் ஃபில்டர் உள்ள பழைய டிரான்சீவர் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். திருத்தம் குரலைவிடப் பல மடங்கு அகலமானது, 2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் அதை வெட்டி எறிந்துவிடும்.

நிரல்தான் இருக்கிறதே என்று பயாஸைக் (சிக்னல் இல்லாதபோதும் ஆம்பில் ஓடும் மின்னோட்டத்தை)க் குறைத்துச் சூட்டை மிச்சம் பிடிக்கவும் பார்த்தேன். பெரிய சத்தத்தில் பரவாயில்லை. மெதுவாகப் பேசும்போது வரும் கிராஸ்ஓவர் திரிபு அப்படியே நின்றது. பயாஸைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, ஒரு ஃபேன் கூடுதலாக மாட்டிக்கொண்டேன்.